கடைசி பெஞ்சில் இருப்பவர் பாடுகிறாரா?

புசா ரோட்டில் இன்று மெட்ரோ ரயில் தலைக்கு மேல் ஓடுகிறது. ஆனால் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கும் அந்த வட்டாரத்தில், சந்துகளுக்குள் திரும்பினால் மாடி அறைகளில் குடியிருக்கும் நம்மவர்களை இப்போதும் காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு மாலை, அத்தகைய அறை ஒன்றில் நடந்த ஜெபக் கூட்டத்துக்கு நண்பர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார்.

பதினைந்து பேர் இருப்பார்கள். ஒரு சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா, இரண்டு நர்ஸுகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் சிலர், ஓட்டல் சமையல்காரர் ஒருவர். அந்தச் சமையல்காரரின் தாயார் இரண்டு நாள் முன்பு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் காலமாகிவிட்டார். அவரால் போக முடியவில்லை. அதற்காகத்தான் கூடியிருந்தார்கள்.

ஆர்மோனியம் இல்லை. கைத்தாளம்தான். பழைய கீர்த்தனை ஒன்றை யாரோ தொடங்கினார்கள். சுருதி இரண்டு முறை மாறியது. ஆனால் வாய் திறக்காதவர் ஒருவர்கூட இல்லை. முதல் இரண்டு சரணங்கள் தலை குனிந்திருந்த சமையல்காரரும் மூன்றாவது சரணத்தில் சேர்ந்துகொண்டார். புத்தகம் பார்க்காமல் பாடினார். அவருடைய தாயார் சொல்லிக் கொடுத்த பாட்டு அது என்று பின்னால் தெரிந்தது.

அடுத்த வாரம் நகரின் வேறொரு பகுதியில் பெரிய சபை ஒன்றின் ஆராதனைக்குப் போனேன். மேடையில் கீபோர்டு, கிடார், டிரம்ஸ். வண்ண விளக்குகள். அருமையான குரல்கள். பாடியவர்கள் ஆறு பேர். கேட்டவர்கள் முந்நூறு பேர். பலர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் பாட முயன்றேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இரண்டில் எது தேர்ந்த சங்கீதம் என்றால், இரண்டாவதுதான். சந்தேகமில்லை. கிறிஸ்தவனின் வாழ்க்கைக்கு வேண்டியது எது என்றால், முதலாவதே என்பேன்.

இது பழமை விரும்பியின் புலம்பல் அல்ல. சரித்திரமும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் ஐரோப்பியக் கோயில்களில் குருமாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாட, ஜனங்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். 1524-ல் லூத்தரும் அவருடைய தோழர்களும் ஜெர்மன் மொழியில் பாட்டுப் புத்தகங்களை வெளியிட்டபோது, செருப்புத் தைப்பவரும் சந்தைக்காரியும் கோயிலில் வாய் திறந்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் 1963-ல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மூலம், வழிபாட்டில் ஜனங்கள் முழுமையாகப் பங்கு கொள்ள வேண்டும் என்று தீர்மானித்து, தாய்மொழிக்கும் கதவைத் திறந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் காரியத்தைச் செய்தவர்களில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய மிஷனரிகளின் வழியில் ஜெர்மன் மெட்டுப் பாட்டுகள் தமிழில் வழங்கி வந்தன. சாஸ்திரியார் நம் ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனை பாடினார், குறவஞ்சியும் எழுதினார். ஜாதி, பாஷை, பாட்டு முதலிய விஷயங்களில் மிஷனரிகளோடு பிணங்கி 1829-ல் வேலையையும் இழந்தார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஜாதி விஷயத்தில் அவர் தவறான பக்கத்தில் நின்றார். கோயிலில் தனித்தனியே உட்காரும் வழக்கத்தை ஆதரித்தார். ஆனால் அவர் பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. இன்று எல்லா ஜாதியாரும் ஒரே பாயில் உட்கார்ந்து அதைப் பாடுகிறார்கள். கேட்கும் பாட்டுக்கு இந்தச் சக்தி கிடையாது. கூடிப் பாடும் பாட்டுக்கு உண்டு.

மாயூரம் வேதநாயகம் பிள்ளையையும் (1826–1889) நினைத்துக்கொள்கிறேன். அவரும் நம் வாசகர்கள் பலரைப் போல ஆபீஸ் வாழ்க்கையில் தொடங்கியவர். திருச்சி கோர்ட்டில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பிறகு முன்சீப் ஆனார். அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களை எல்லா மதத்தாரும் பாடலாம். கத்தோலிக்கரான அவருடைய பாட்டுகளைக் கச்சேரி மேடைகளில் இந்து வித்வான்களும் பாடி வந்திருக்கிறார்கள்.

“கடவுளுக்குச் சிறந்ததைப் படைக்க வேண்டாமா?” என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இசைமேதை பாக் தம் இசைப் பிரதிகள் பலவற்றின் முடிவில் மகிமை கடவுளுக்கே என்று குறித்து வைத்தார். பயிற்சி வேண்டும், வாத்தியமும் வேண்டும். ஆனால் பாடகர் குழு சபைக்கு வழி காட்டத்தான் இருக்கிறது. சபைக்குப் பதிலாகப் பாடுவதற்கு அல்ல. பாட்டின் பொருளைவிடக் குரலின் இனிமையில் மனம் போனால் அது குற்றம் என்று புனித அகஸ்தீனாரே தம்மைக் கடிந்துகொண்டார். நியாயம் இல்லாத இடத்தில் பாடும் பாட்டு கடவுளுக்கு வெறும் இரைச்சல் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி அதற்கு வெகுகாலம் முன்பே எச்சரித்துவிட்டார்.

நமக்கு, அதாவது பிழைக்க வந்தவர்களுக்கு, இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆறு நாளும் நாம் பிறர் சொல்வதைக் கேட்கிறோம். அதிகாரி சொல்வதை, முதலாளி சொல்வதை, வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்கிறோம். அதுவும் இந்தியிலோ இங்கிலீஷிலோ. ஏழாம் நாளாவது சொந்த பாஷையில் சொந்தக் குரலை எழுப்ப ஓர் இடம் வேண்டாமா? அங்கேயும் போய்க் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? மார்கழி பஜனையில் வளர்ந்த இந்து நண்பர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே கேட்பவர் என்று தனியே ஒரு ஜாதி கிடையாது.

டில்லியில் பிறந்த நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. காதால் கேட்டு வாயால் பாடி மனப்பாடமான பத்துப் பாட்டுதான் அவர்களுக்கு மிஞ்சும் தமிழாக இருக்கலாம். திரையில் ஓடும் வரிகள் மின்சாரம் போனால் போய்விடும். மனப்பாடமான பாட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் வரும், துக்க வீட்டுக்கும் வரும். பிலிப்பி நகரச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் பாடியபோது அவர்கள் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருந்தன. கையில் எந்த வாத்தியமும் இல்லை.

எனவே சபைப் பெரியவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒவ்வோர் ஆராதனையிலும் ஒரு பாட்டையாவது வாத்தியம் இல்லாமல் எல்லாரும் பாடட்டும். மாதம் ஒரு கீர்த்தனையைப் பிள்ளைகளுக்கு வரி வரியாகச் சொல்லிக் கொடுங்கள். ஒலிபெருக்கியைக் கொஞ்சம் குறையுங்கள்.

பாட்டு நன்றாக அமைந்ததா என்று பார்க்க மேடையைப் பார்க்க வேண்டாம். கடைசி பெஞ்சைப் பாருங்கள். அங்கே ஊருக்குப் போக முடியாத ஒரு சமையல்காரர் உட்கார்ந்திருக்கலாம். அவர் பாடுகிறாரா என்று பாருங்கள்.