சறுக்குப்பலகைக் களம்

உருளைகள் நான்கு பூண்ட பலகையின்மேல் நின்று ஓடும் விளையாட்டிற்கு ஸ்கேட்போர்டிங் என்பது பெயர். தெருவில் ஆடின் இடராகும். அதற்கெனச் சமைத்த பொதுக்களத்தில் ஆடின் நலமாகும். இதனை வீண்பொழுதென இகழ்வார், மத்தியப் பிரதேசத்துப் பன்னா மாவட்டத்திலுள்ள ஜன்வார் என்னும் சிற்றூரை நோக்குவாராக. உல்ரிக்கே ரைன்ஹார்ட் என்னும் ஜெர்மானிய அம்மையாரின் முயற்சியால் 2015-இல் அங்கே கான்கிரீட் களமொன்று எழுந்தது. அதன் விதிகள் இரண்டு: பள்ளி செல்லாதார்க்குப் பலகை இல்லை, பெண்மக்களுக்கே முதலிடம். வேறுவேறாய் வாழ்ந்த பழங்குடிச் சிறாரும் யாதவச் சிறாரும் அக்களத்தில் ஒருங்கு கூடினர். வீழ்ந்தவனைத் தூக்கும் கை அவன் குலத்தை வினவுவதில்லை அன்றோ? அறிவு வளர நூலகம் அமைக்கும் ஊர், உறவு வளர இத்தகைய களமும் அமைத்தல் கடனாகும்.