ஆணையால் அமையுமோ கூட்டுறவு?

கிழக்காப்பிரிக்க நாடாகிய தான்சானியாவின் விடுதலைத் தலைவர் ஜூலியஸ் நியெரேரே 1962 முதல் 1985 வரை குடியரசுத் தலைவராய் விளங்கினார். மக்கள் அவரை ஆசிரியர் எனப் பொருள்படும் 'முவாலிமு' என்னும் பெயரால் அழைத்தனர். எளிய வாழ்வினர், எழுத்தறிவைப் பரப்பியவர், தாமே பதவியைத் துறந்தவர். இவற்றை எவரும் மறுக்கார். ஆயினும் கூட்டுறவாளராகிய நாம் அவரது ஆட்சியைச் சீர்தூக்குங்கால், 1976ஆம் ஆண்டு அவருடைய சர்க்கார் கூட்டுறவு ஒன்றியங்களைக் கலைத்த செயலைப் பெரும் பிழையென்றே கூறவேண்டும்.

அவ்வொன்றியங்கள் சர்க்கார் தந்த கொடையல்ல. கிளிமஞ்சாரோ மலைச்சாரலின் காப்பி விவசாயிகள் 1933லேயே தமக்கென ஒன்றியம் கண்டனர். விக்டோரியா ஏரிப்பகுதியின் பருத்தி விவசாயிகள், வியாபாரிகளின் எடை மோசடியைத் தடுக்கத் திரண்டு, 1955இல் கூட்டுறவுச் சம்மேளனம் அமைத்தனர். விடுதலை இயக்கத்திற்கும் இச்சங்கங்கள் துணை நின்றன.

குறைகள் இல்லாமலில்லை. 1966ஆம் ஆண்டு விசாரணைக் குழு கையாடல், உறவினர்க்கு உத்தியோகம், திறமையற்ற ஊழியர், அங்கத்தினரின் அறியாமை ஆகியவற்றை எடுத்துக்காட்டிற்று. இவை தணிக்கையாலும் அங்கத்தினர் கல்வியாலும் தீர்க்கத்தக்க நோய்களே. நோய்க்கு மருந்திடுவதை விடுத்து நோயாளியையே ஒழித்தது எவ்வகை வைத்தியம்?

கிராமக் கூட்டுவாழ்வு வற்புறுத்தலால் அமையாது என்று முன்னர் எழுதியவரும் நியெரேரேதான். ஆனால் 1973இல், மூன்றாண்டுகளுக்குள் நாட்டுப்புற மக்கள் அனைவரும் புதுக் கிராமங்களில் குடியேற வேண்டுமென்ற ஆணை பிறந்தது. பல இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டனர். சிலவிடங்களில் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1975ஆம் ஆண்டுச் சட்டம் கிராமத்தையே கூட்டுறவு அமைப்பாக்கிற்று. கிராமமே கூட்டுறவானபின் ஒன்றியம் எதற்கு என்பது ஆட்சியாளர் வாதம். விருப்பத்தோடு சேராதவன் அங்கத்தினன் ஆவானோ என்பதை அவர்கள் எண்ணினாரில்லை.

ஒன்றியங்களின் பணியைச் சர்க்காரின் பயிர் ஆணையங்கள் ஏற்றன. அவற்றின் செலவு பெருகிற்று; ஏற்றுமதி விலையில் விவசாயியின் பங்கு சுருங்கிற்று; விளைபொருளுக்குரிய பணம் காலந்தாழ்ந்து வந்தது. முந்திரி விளைவு 1973-74இல் சுமார் 1,45,000 டன். 1986-87இலோ 20,000 டன்னுக்கும் குறைவு. மரநோயும் ஒரு காரணமே. எனினும் தோப்பைவிட்டுத் தொலைவில் குடியேற்றப்பட்டவனும், உரிய விலை பெறாதவனும் எவ்வாறு மரத்தைப் பேணுவான்?

1982இல் புதிய சட்டத்தால் கூட்டுறவு ஒன்றியங்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. கூட்டுறவுகளைக் கலைத்தது தவறென 1984இல் நியெரேரேயே ஒப்புக்கொண்டார். அது அவரது பெருந்தன்மை. ஆனால் இழந்த நம்பிக்கையை எந்தச் சட்டமும் மீட்டுத் தராது. நல்லெண்ணம் உடையவர் ஆட்சியிலேயே இது நிகழ்ந்தது என்பதுதான் நாம் கருதத்தக்கது.

நெசவாளராயினும் உழவராயினும், நமது சங்கமும் இருபுறமும் விழிப்போடு காக்கப்படவேண்டியது. நிர்வாகத்தில் ஊழல் கண்டால் திருத்துமாறு சர்க்காரைக் கேட்போம். தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவை நீக்கிச் சங்கத்தையே எடுத்துக்கொள்ளுமாறு கேளோம். மகாசபைக் கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது எழுந்து வினவும் அங்கத்தினர் பத்துப்பேர் இருப்பாராயின், சங்கத்தைக் கலைக்க எவருக்கும் காரணம் கிட்டாது.