கொல்லையில் இறங்கிய தேனீக்கூட்டம்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் கொல்லையுள்ள வீட்டாருக்கு இக்காட்சி புதியதன்று. முற்பகல் வெயிலில் திடீரெனப் பேரிரைச்சல் எழும். புகைபோல் ஒரு கூட்டம் சுழன்று வந்து, முருங்கைக் கிளையிலோ எலுமிச்சைச் செடியிலோ கொத்தாகத் தொங்கிவிடும். தாய்மார்கள் கதவை அடைப்பர், பிள்ளைகள் கல்லெடுப்பர், அண்டை வீட்டார் தீப்பந்தம் கட்டத் தொடங்குவர். அஞ்ச வேண்டிய கூட்டமும் உண்டு. அஞ்ச வேண்டாத கூட்டமும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே முதற்கடமை.

கூட்டில் தேனீக்கள் பெருகி இடம் நெருக்கடியாகும்போது, புதிய ராணி பிறக்கும் தறுவாயில், பழைய ராணி பெரும்பகுதி வேலைக்காரத் தேனீக்களுடன் வெளியேறுகிறது. புறப்படுமுன் ஒவ்வொன்றும் வயிறு நிறையத் தேன் அருந்திவிடும். காக்க வேண்டிய அடையோ குஞ்சோ அப்போது அவற்றுக்கு இல்லை. ஆகவே வழிப்போக்கரைப்போல் பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கும். சில தேனீக்கள் மட்டும் நாற்புறமும் பறந்து மரப்பொந்தும் சுவரிடுக்கும் தேடும். இடம் அமைந்ததும், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கூட்டம் முழுவதும் எழுந்து போய்விடும்.

வந்திருப்பது எவ்வகைத் தேனீ என்பதைத் தொலைவில் நின்றே பாருங்கள். சிறு கிளையில் உள்ளங்கையளவு ஒற்றை அடை கட்டுவது கொம்புத் தேனீ. அதனால் பெருந்தொல்லை இல்லை; விட்டுவிடலாம். மரப்பொந்திலும் சுவரிடுக்கிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டுவது அடுக்குத் தேனீ எனப்படும் இந்தியத் தேனீ. பெட்டியில் வளர்க்கத்தக்கது இதுவே. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது மலைத்தேனீ. உயர்ந்த ஆலமரத்திலும் தண்ணீர்த் தொட்டியின் அடியிலும் மாபெரும் ஒற்றை அடையைத் தொங்கவிடும் இதனிடம் எவரும் துணிச்சல் காட்டலாகாது. இரவில் அதனருகே விளக்கு எரியவிடுவதும் ஆபத்து. 101 என்னும் எண்ணில் தீயணைப்பு நிலையத்தாரை அழைப்பதே அறிவுடைமை.

இந்தியத் தேனீயின் கூட்டமாயின், பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பால் அழைத்துச் சென்று, பொறுத்திருங்கள். கல்லெறிதலும் நீரடித்தலும் வேண்டா. மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் அறவே கூடா. அவை நாம் உண்ணும் கீரையிலும் காயிலும் அல்லவா படியும்? நசுங்கிய தேனீயிடமிருந்து பழுத்த வாழைப்பழத்தின் வாடை ஒன்று எழுகிறது. அதுவே மற்றத் தேனீக்களுக்குப் போர் முரசு. தீப்பந்தத்துக்குத் தப்பியவை தெருவில் போவோரையெல்லாம் கொட்டுவது இதனால்தான்.

வளர்க்க விரும்புவோர், பழகியவர் ஒருவரின் துணையுடன் மாலையில் செயற்படலாம். முகவலையும் வெளிர்நிற முழுக்கைச் சட்டையும் அணிந்து, ஒரு கூடையைக் கொத்தின்மேல் கவிழ்த்துப் பிடித்து, சிறிதளவு புகை காட்டினால், தேனீக்கள் இருளை நாடி மேலேறும். ராணி உள்ளே சென்றுவிட்டால், சில தேனீக்கள் விளிம்பில் நின்று வயிற்றை உயர்த்திச் சிறகு வீசித் தோழியரை அழைக்கும். இருட்டியதும் பெட்டிக்கு மாற்றிவிடலாம். இந்தியத் தேனீக்கேற்ற சிறு பெட்டி நியூட்டன் பெட்டி எனப்படுகிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார் 1910களில் வடிவமைத்தது அது. பெட்டியை நிழலில் வையுங்கள். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. சில நாட்கள் சர்க்கரைப்பாகு கொடுங்கள். நம் பக்கத்துக் கோடையில் அருகே தண்ணீரும் வேண்டும். பூவும் நீரும் குறைந்தால் இத்தேனீ கூட்டைத் துறந்து போய்விடும். ஐயமிருப்பின் சந்தியூரிலும் நாமக்கல்லிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

ஒருவேளை கொட்டிவிட்டால், முதலில் அவ்விடத்தை விட்டு அகலுங்கள். தோலில் தைத்த கொடுக்கு, நஞ்சுப்பையுடன் அங்கேயே நின்று நஞ்சைச் செலுத்திக்கொண்டிருக்கும். சுண்ணாம்பு தேடிக் காலம் போக்காமல், உடனே நகத்தால் சுரண்டி அகற்றி, சோப்பிட்டுக் கழுவிக் குளிர்ந்த துணியை வையுங்கள். மூச்சுத்திணறல், உதடு வீக்கம், தலைச்சுற்றல் தோன்றினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ, தாமதிக்காமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

இத்தனை சிரமம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். 1991-92ஆம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பரவிய 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோய், இந்தியத் தேனீயின் குஞ்சுகளைக் கூண்டோடு அழித்தது. வளர்ப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெறுமையாயின. அவ்வழிவிலிருந்து மீண்ட இனத்தின் ஒரு குடும்பம்தான் நம் கொல்லைக்கு வருகிறது. பூசணியிலும் பீர்க்கிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. மகரந்தத்தைச் சுமந்து செல்லத் தேனீ போன்ற பூச்சிகள் இல்லையேல் பிஞ்சு பிடிக்காது.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயராலேயே அமைந்துள்ளது. மலை, மரம், மனிதர் எழுப்பும் கட்டடம் ஆகிய மூன்றும் அதன் இல்லங்களாக அங்கே குறிக்கப்படுகின்றன. கொல்லிமலையும் நம் முருங்கையும் நம் வீட்டுச் சுவரும் அதில் அடங்கிவிடுகின்றன அல்லவா? கொல்லலாகாது என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த நான்கு உயிர்களுள் தேனீயும் ஒன்று என அபூதாவூத் தொகுப்பு அறிவிக்கிறது.

ஆகவே, அடுத்த முறை அவ்விரைச்சல் கேட்டால், தீப்பெட்டியைத் தேடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்து, சன்னல் வழியே காட்டி, அது எவ்வகைத் தேனீ என்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள்.