பதக்கத்தை மட்டும் எண்ணலாமா?

பிரிட்டனில் தோன்றிய சைக்கிள் வீரர்களில் மிகப் பெரியவர் யார்?

அந்த நாட்டில் சைக்கிள் பிரியர்கள் இருவர் சந்தித்தால், இந்தக் கேள்வி எழாமல் இராது. ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள்.

ஒலிம்பிக் பதக்கங்களை எண்ணுகிறவர்கள் ஜேசன் கென்னியைச் சொல்வார்கள். 2008 முதல் 2021 வரை நடந்த 4 ஒலிம்பிக் போட்டிகளில் அவர் 7 தங்கப் பதக்கம் வாங்கினார். அவருக்கு அடுத்தபடி 6 தங்கம் பெற்றவர், ஸ்காட்லாந்துக்காரர் கிறிஸ் ஹோய்.

நெடுந்தூரப் பந்தயமே பெரிது என்பவர்கள், "டூர் டி பிரான்ஸ்" பந்தயத்தைக் காட்டுவார்கள். அது பிரான்ஸ் நாட்டில் 3 வாரம் நடக்கும் பந்தயம். தூரம் 3 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். செங்குத்தான மலைகளிலும் ஏற வேண்டும்.

1903-ல் தொடங்கிய அந்தப் பந்தயத்தில், 2012-ல்தான் முதன்முதலாக ஒரு பிரிட்டிஷ்காரர் வெற்றி பெற்றார். அவர் பிராட்லி விக்கின்ஸ். அதன் பிறகு, கென்யாவில் பிறந்த கிறிஸ் புரூம் 4 முறை வென்றார். அதே பந்தயத்தில் மார்க் கேவன்டிஷ் 35 நாட்கள், அன்றன்றைய ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். 2024-ல் அவர் படைத்த சாதனை அது.

எல்லோரும் பெரிய வீரர்களே. ஐயமில்லை. ஆனால், இந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போகிறது. அது ஒரு பெண்ணின் பெயர்.

பண்ணையில் வேலை செய்தவர்

பெரில் பர்ட்டன் 1937-ல் லீட்ஸ் நகரில் பிறந்தார். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. பல மாதங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "உடம்பை வருத்தும் வேலை ஆகாது" என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள்.

கணவர் சார்லிதான் அவருக்குச் சைக்கிள் ஆசையை ஊட்டினார். பெரில் ஒரு பண்ணையில் கூலிக்கு வேலை செய்தார். வீட்டையும் மகளையும் கவனித்தார். மிச்ச நேரத்தில் சைக்கிள் ஓட்டினார். பந்தயம் அவருக்குச் சம்பளம் தரவில்லை.

அப்படிப்பட்டவர், உலகப் பட்டத்தை 7 முறை வென்றார். பிரிட்டனின் நெடுந்தூர ஓட்டங்களில் ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற பட்டத்தை 1959 முதல் 1983 வரை, தொடர்ந்து 25 ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார்.

ஆணை முந்திய மங்கை

"அந்தக் காலத்தில் பந்தயம் ஓட்டிய பெண்கள் குறைவு. அதனால் சுலபமாக ஜெயித்தார்" என்று சிலர் சொல்லக்கூடும்.

அதற்கு 1967-ம் ஆண்டே பதில் சொல்லிவிட்டது. யார்க்ஷயரில் 12 மணி நேரப் பந்தயம் நடந்தது. முன்னால் சென்ற ஆண்களை பெரில் ஒவ்வொருவராக முந்தினார். கடைசியில் மைக் மெக்நமாராவை எட்டிப் பிடித்தார். மெக்நமாரா சாமானியர் அல்ல. அன்று அவரே ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஓர் அதிமதுர மிட்டாயை நீட்டிவிட்டு, பெரில் முந்திச் சென்றார்!

அன்று பெரில் ஓட்டிய தூரம் 277¼ மைல். ஆண்கள் அதைத் தாண்ட 2 ஆண்டுகள் ஆயின. பெண்கள் தாண்ட 50 ஆண்டுகள் ஆயின.

மூடிய கதவு

அப்படியானால், அவரிடம் ஒலிம்பிக் பதக்கம் ஏன் ஒன்றுகூட இல்லை?

காரணம் எளிது. பெண்களுக்கு ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயமே 1984-ல்தான் வந்தது. அப்போது பெரிலுக்கு வயது 47. அவரது நல்ல காலம் முழுவதும் கதவு மூடியே இருந்தது.

கதவை மூடியது யார் குற்றம்? வெளியே நின்றவர் குற்றமா?

1996-ல், தம் பிறந்த நாள் விருந்துக்கு அழைப்பு கொடுக்கச் சைக்கிளில் சென்றபோது, பெரில் வழியிலேயே உயிர் நீத்தார்.

யார் ஜெயித்தார் என்று கேட்பது நியாயம். யாரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்றும் கேட்பது அதைவிட நியாயம். இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால், முதலிடம் பெரில் பர்ட்டனுக்கே!