வட்டம் சிறுத்தால் கார் வேகமாகத் திரும்பாது

மாஸ்டா மியாட்டா போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரில் கம்பெனி ஸ்டீயரிங்கைக் கழற்றிவிட்டு 320 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஸ்டீயரிங் வட்டத்தை மாட்டினால், கை நகரும் தூரம் குறையும், கார் கூர்மையாகத் திரும்பும் என்கிறார்கள். முதல் பாதி சரி. இரண்டாவது தவறு. சக்கரம் எத்தனை டிகிரி திரும்பும் என்பதை ஸ்டீயரிங்கின் பற்சக்கர அமைப்பான ரேக்கும் பினியனும் தீர்மானிக்கின்றன. வட்டத்தின் விட்டம் அல்ல. 90 டிகிரி திருப்பினால் பெரிய வட்டத்திலும் சிறிய வட்டத்திலும் டயர் ஒரே அளவுதான் திரும்பும். மாறுவது நெம்புகோல் நீளம். 370-லிருந்து 320-க்கு வந்தால் கை கொடுக்க வேண்டிய விசை ஏறத்தாழ 16 சதவீதம் கூடுகிறது. பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில், நீண்ட வளைவில் அந்தச் சுமையைத் தோள் தாங்க வேண்டும். இதற்குப் பெயர் துல்லியமா?

பந்தயக் கார்களில் சிறிய வட்டம்தானே என்பார்கள். ஃபார்முலா 1 காரில் பவர் ஸ்டீயரிங் உண்டு, குறுகிய காக்பிட்டில் பெரிய வட்டத்துக்கு இடமும் இல்லை. அங்கே ஓட்டுநரைக் காப்பது பல பட்டை பெல்ட்டும் கழுத்துக் காப்பும். உங்கள் காரில் அவை உண்டா? கம்பெனி வட்டத்தைக் கழற்றினால் அதோடு ஏர்பேக்கும் போய்விடும். ஏர்பேக் இல்லாததை ரெசிஸ்டர் வைத்து, எச்சரிக்கை விளக்கை அணைத்து மறைப்பது இன்னும் மோசம்.

விரைவான திருப்பம்தான் வேண்டுமென்றால் ரேக்கை மாற்றுங்கள். சாலையில் ஓடும் காரில் ஏர்பேக்கைக் கழற்றாதீர்கள்.