டிராக்டருக்கும் வழி வேண்டும்

"டிராக்டருக்குச் சுங்கம் உண்டா, ஐயா?" தர்மபுரி மாவட்ட விவசாயக் கூட்டங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது. பாளையம் சுங்கச்சாவடி வழியே போகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் இயல்புதான்.

கிடையாது. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் டிராக்டருக்கும் மாட்டு வண்டிக்கும் விலக்கு அளிக்கின்றன. ஆனால் சர்வீஸ் ரோடு உள்ள பகுதியில் இவை பிரதான சாலையில் ஏறலாகாது என்றும் அதே விதி கூறுகிறது. இந்தப் பாதியை நம்மவர் பலர் அறியார்.

விதி நியாயமானதே. வைக்கோல் ஏற்றிய டிரெய்லரில் பின்விளக்கு மறைந்துவிடும். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரர் என்ன செய்வார்? தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆயினும் அந்தச் சர்வீஸ் ரோடு தொடர்ந்து இருக்க வேண்டாமா? காரிமங்கலம் முதல் தொப்பூர் வரை பலமுறை போய்வந்தவன் நான். ஓரிடத்தில் பாதை திடீரென முடிகிறது; வேறோரிடத்தில் லாரிகள் அடைத்து நிற்கின்றன. எதிர்த்திசையில் டிராக்டர் ஓட்டும் துணிச்சல் (தவறுதான்) இதனால்தான் வருகிறது. அமெரிக்காவில் டென்வர் நகரையொட்டிய ஈ-470 சுங்கச் சாலையின் ஓரமாக, உலாவுவோருக்கும் சைக்கிள்காரருக்கும் தனிப்பாதையே போட்டிருக்கிறார்கள். நாம் கேட்பது பிழைப்புக்கான பாதை.

பாதை எந்த ஊரருகே, எந்தக் கிலோமீட்டர் கல்லில் அறுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் எழுதிக் கொடுங்கள். அதற்குள் டிரெய்லரின் பின்பக்கம் சிவப்புப் பிரதிபலிப்பான் பட்டையை ஒட்டிவிடுங்கள்.