முப்பத்தோராவது கோப்பை

“இதெல்லாம் லேடீஸ் ட்ரிங்க்ஸ்தாங்க. நீங்க ஈஸியா முடிச்சுடுவீங்க.”

அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அப்போது நான் டெக்சஸில் ஒரு நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போகும் இடம் அந்த டிக்கி பார். அட்டையில் எண்பது ரம் காக்டெயில்களின் பெயர்கள். ஒன்றைக் குடித்தால் அதன் பக்கத்தில் ஒரு முத்திரை. எண்பதையும் முடித்தால் உங்கள் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்துச் சுவரில் மாட்டுவார்கள். எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கிக்கொண்டேன். அந்தச் சுவரில் இருந்த பெண்களின் பெயர்களை எண்ண ஒரு கை விரல்களே போதும், அதனால்தான். பெண்கள் இல்லாத பட்டியல் எதைப் பார்த்தாலும் உள்ளே நுழைந்துவிடத் துடிக்கும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உண்டு. நுழைவதற்கு முன்னால் அது என்ன பட்டியல் என்று கேட்கும் பழக்கம் அப்போது இல்லை.

டிக்கி என்றதும் நமக்குக் காரின் பின்பக்கம் நினைவுக்கு வரும். இது வேறு. பசிபிக் பெருங்கடலின் பாலினேசியத் தீவுகளில் மரத்திலும் கல்லிலும் செதுக்கும் மனித உருவத்தை டிக்கி என்பார்கள். மாவோரிகளின் கதைகளில் முதல் மனிதனின் பெயர் அது. அமெரிக்கர்கள் அந்த உருவத்தைக் கோப்பையாக்கி, அதற்குள் ரம் ஊற்றி, மேலே ஒரு காகிதக் குடையைச் செருகினார்கள். மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்த கையோடு ஹாலிவுட்டில் கடை திறந்த எர்னஸ்ட் கான்ட் என்பவர் தொடங்கிவைத்தது இது. தன் கடைக்கு வைத்த ‘டான் த பீச்கோம்பர்’ என்ற பெயரையே பின்னர் தனக்கும் ஏற்றபடி மாற்றிக்கொண்டார். பாலினேசியா ரம்முக்குப் பேர்போன நிலமே அல்ல. ரம் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தது. தெற்குக் கடல்களின் அலங்காரத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் சரக்கு. இரண்டு இடங்களையும் சேர்த்துக் கட்டும் நூல் கரும்பு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த ‘லேடீஸ் ட்ரிங்க்ஸ்’. கான்ட் உருவாக்கிய ஸோம்பி என்ற காக்டெயிலில் மூன்று வகை ரம் சேரும். அதில் ஒன்று கயானாவின் டெமராரா ரம், மது அளவு 75.5 சதவீதம். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று அவர் கடையிலேயே கட்டுப்பாடு இருந்தது. எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் வாசனைப் பொருட்களும் அந்தக் காரத்தை மூடி மறைத்துவிடும். இனிப்பாக இருப்பதால் அது பெண்களுக்கானதாம். குடை செருகியிருப்பதால் லேசானதாம். அதே கோப்பை ஒரு ஆணின் கையில் இருக்கும்போது பேச்சு மாறிவிடுகிறது. ஜமைக்கா ரம்முக்கும் மார்ட்டினிக் ரம்முக்கும் உள்ள வேறுபாடு, பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது, கான்ட் தன் செய்முறைகளைச் சங்கேதப் பெயர்களில் எழுதிவைத்திருந்தது, ஜெஃப் பெரி என்பவர் பல வருடம் தேடி அவற்றை வெளிக்கொண்டுவந்தது. அவர்கள் குடித்தால் ஆராய்ச்சி, நாம் குடித்தால் ஜூஸ்.

உடலின் கணக்கு வேறு. பெண்ணுடலில் நீரின் பங்கு சராசரியாக ஆணுடலைவிடக் குறைவு. ஒரே எடையுள்ள ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில் மதுவின் செறிவு கூடுதலாக இருக்கும். இதில் கேவலம் எதுவும் இல்லை, பெருமையும் இல்லை. ஆனால் சவால் அட்டை எல்லோருக்கும் ஒரே அளவுதான் ஊற்றுகிறது, அதற்குச் சமத்துவம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறது. அளவுகோலை ஆணுடலை வைத்துச் செய்துவிட்டு, நம்மை அதில் ஏறி நிற்கச் சொல்வது புதிய தந்திரம் அல்ல. அலுவலகத்தில் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பவரே உழைப்பாளி என்று சொல்வதும் இதே அளவுகோல்தான்.

ஐந்து மாதத்தில் முப்பது முத்திரைகள் வாங்கினேன். முப்பதாவது விழுந்த இரவில் அதே நண்பர், சிரித்துக்கொண்டேதான், கேட்டார்: “நீங்க இப்படிக் குடிக்கிறது வீட்டுக்குத் தெரியுமாங்க?”

முதல் நாள் ‘உன்னால் முடியும், இது ஒன்றும் பெரிதல்ல’. முடித்துக்கொண்டே வரும்போது ‘அடக்கம் இல்லையா?’. அவர் அட்டையில் அப்போது ஐம்பத்தெட்டு முத்திரைகள். அவர் வீட்டுக்குத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் வாயில் வரவேண்டிய பதில் மறுநாள் காலையில் பல் துலக்கும்போதுதான் வந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தாயா, பெண்கள் குடிக்கவே கூடாது என்பது இதற்குத்தான்’ என்று யாராவது கிளம்புவார்கள். அவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஊரில் ஒரு பெண் பீர் பாட்டிலோடு நின்றால் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பும் கூட்டத்துக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன். எனக்கு ரம் பிடிக்கும். எலுமிச்சையும் பாதாம் பாகும் சேர்ந்த மை டாய் இன்றும் பிடிக்கும். என் சண்டை அட்டையோடு.

அந்த இரவில்தான் அட்டை எதை எண்ணுகிறது, எதை எண்ணவில்லை என்று பார்க்கத் தொடங்கினேன். எனக்குப் பரிமாறிய பெண்ணிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஆண்களின் சீருடை பூப்போட்ட தொளதொளச் சட்டை. மேசைக்கு மேசை தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்த அவளுக்கோ இடுப்பில் நார்ப்பாவாடை, தலையில் துணிப்பூ. டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி அமெரிக்க மத்தியச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் அந்தத் தொகை ஒரு சென்ட்கூட ஏறவில்லை. பல மாநிலங்கள் இதைவிடக் கூடுதலாக வைத்திருக்கின்றன. டெக்சஸ் அப்படியே வைத்திருக்கிறது. டிப்ஸோடு சேர்த்தும் 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்கிறது சட்டம். அதாவது அவள் கூலியின் பெரும்பகுதியை முதலாளி தருவதில்லை, மேசையில் இருக்கும் ஆண் தருகிறான், தரவேண்டும் என்று தோன்றினால்.

அந்தத் ‘தோன்றினால்’ என்ற சொல்லுக்குள்தான் அவள் வேலையின் பாதி இருக்கிறது. எங்கள் மேசைக்குப் பக்கத்து மேசையில் ஒருவன் கோப்பையை எடுக்கும் சாக்கில் அவள் இடுப்பில் கை வைத்தான். அவள் தட்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றினாள், ஒரு அடி நகர்ந்தாள், சிரித்தாள். நான் கழிப்பறைக்குப் போகும் வழியில் அவளிடம், மேலாளரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். “வேண்டாம், அவன் பில் இன்னும் கட்டவில்லை” என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். நான் திரும்பி வந்து என் அட்டையைப் பார்த்தேன். முப்பது முத்திரைகளில் பெரும்பாலானவற்றைக் குத்திக்கொண்டு வந்து தந்தது அவள் கைதான்.

நாங்கள் குடித்த பெரிய பகிர்வுக் கிண்ணத்தில் ஹூலா ஆடும் பெண்களின் உருவங்கள் புடைப்பாக இருந்தன. மார்பில் ஆடையில்லை. ஹூலா, ஹவாய் மக்கள் தங்கள் தெய்வங்களையும் வம்சக் கதைகளையும் பாடி ஆடிய கலை. ஆண்களும் ஆடினார்கள். கிறிஸ்துவ மிஷனரிகளின் செல்வாக்கில் 1830இல் அதைப் பொதுவெளியில் ஆடத் தடை வந்தது. ஆபாசம் என்று நிறுத்தப்பட்ட ஆட்டத்தை நூறு வருடம் கழித்துப் பீங்கானில் ஆபாசமாகவே வார்த்து விற்கிறார்கள். சதிராட்டத்தின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ஹவாயை ஆண்ட கடைசி அரசர் ஒரு பெண், லிலியுஓகலானி. சர்க்கரைத் தோட்ட நலன்களோடு பின்னிப்பிணைந்த வெள்ளையர் கூட்டம் ஒன்று, அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கி நிற்க, 1893இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. 1898இல் அமெரிக்கா நாட்டை எடுத்துக்கொண்டது. எந்த டிக்கி கோப்பையிலும் இந்த ராணியின் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயர் தெரியாத, வயதே ஏறாத, சிரித்துக்கொண்டே இருக்கும் ஒரு பெண்தான் கோப்பைக்குத் தோதாக இருக்கிறாள்.

பெயர் இருந்த பெண்களையும் இந்தக் கதை எப்படிக் கையாள்கிறது என்று பாருங்கள். கான்ட்டின் ஒற்றைக் கடையைச் சங்கிலித் தொடராக வளர்த்தவர் அவருடைய மனைவி சன்னி சன்ட். விவாகரத்துக்குப் பிறகும் அமெரிக்க நிலப்பரப்பில் தொழில் அவர் வசம்தான் இருந்தது, கான்ட் ஹவாய்க்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினார். டிக்கியின் ‘தந்தை’ யார் என்று எந்த ரசிகரும் சொல்வார். தாய் யார் என்று கேட்டால் விழிப்பார். மை டாய் 1944இல் ஓக்லாந்தில் விக்டர் பெர்ஜெரான் கலந்தது. அவர் சொன்ன கதையின்படியே, முதல் வாய் குடித்துவிட்டு டஹீட்டி மொழியில் அதற்குப் பெயராகிப்போன பாராட்டைச் சொன்னவர், டஹீட்டியிலிருந்து வந்திருந்த கேரி கில்ட் என்ற பெண். பெயர் வைத்தவரை மறந்து பெயரை மட்டும் குடிக்கிறோம்.

இப்போது கரும்புக்கு வருகிறேன். ரம் என்பது கரும்பின் மிச்சம். சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு தங்கும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடிப்பதே பெரும்பாலான ரம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஜமைக்காவில், குழி வெட்டிக் கரும்பு நட்டு அறுத்த அடிமைக் கூட்டங்களில் பெண்களே அதிகம். திறன் வேலைகள் ஆண்களுக்குப் போயின, மண்வெட்டி பெண்களுக்கு வந்தது. ஆலையின் உருளைகளுக்குள் கரும்பைத் திணிக்கும் வேலையிலும் பெண்கள் நின்றார்கள். இரவு முழுக்க ஓடும் ஆலையில் தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதும் உள்ளே போய்விடும். வெட்டி விடுவிப்பதற்காகப் பக்கத்திலேயே கோடாலி வைத்திருப்பார்கள்.

அடிமைமுறை ஒழிந்ததும் அந்தக் காலி இடத்துக்கு நம் ஆட்களை ஏற்றினார்கள். முதல் கப்பல்கள் 1838 மே மாதம் கயானாவை அடைந்தன. டெமராரா அங்கேதான் இருக்கிறது, ஸோம்பியின் 75.5 சதவீதம் அங்கிருந்துதான் வருகிறது. அங்கே போனவர்களில் பெரும்பாலோர் வடஇந்தியர்கள், மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போன தமிழர்களும் உண்டு. 1853இல் ‘ஒரேலி’ என்ற கப்பல் மார்ட்டினிக் தீவை அடைந்தது. அதன் பிறகு முப்பது வருடம் பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே போனார்கள், மிகுதியும் தமிழர்கள். மார்ட்டினிக், குவாடலூப் தீவுகளில் இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. பெர்ஜெரான் தன் ஜமைக்கா ரம் தீர்ந்தபோது மை டாயில் சேர்த்தது மார்ட்டினிக் ரம்மை. எனக்குப் பிடித்த பானம் என்றேனே, அதுதான்.

கப்பலில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷார் பின்னர் விதி வைத்தார்கள். விதி வைத்தும் எண்ணிக்கையை எட்டுவதற்குத் தரகர்கள் படாத பாடு பட்டார்கள். அங்கேயும் ஒரு அட்டை, ஒரு எண்ணிக்கை. கயானாவின் தோட்டங்களில் ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. ஒரு பெண் வேறொருவனோடு போய்விடுவாள் என்ற சந்தேகத்திலேயே கணவர்கள் மனைவிமாரைக் கரும்பு வெட்டும் கத்தியால் வெட்டிக் கொன்ற வழக்குகள் அந்தக் காலனியின் ஆவணங்களில் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தத் தோட்டங்களுக்குப் போன தன் பூட்டியைத் தேடிக் கயூத்ரா பகதூர் எழுதிய ‘கூலி வுமன்’ 2013இல் வந்தது. அந்தப் பாரில் எனக்கு ரம்மைப் பற்றி வகுப்பெடுத்த ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை. பீப்பாயின் வயது அவர்களுக்கு மாதக் கணக்கில் தெரியும்.

‘எல்லாவற்றிலும் இதையே தேடினால் வாழ்க்கையில் எதை அனுபவிப்பது?’ என்று என் தோழியே கேட்டாள். ‘இப்போதுதான் பெண்களும் வந்துவிட்டார்களே’ என்றும் சொன்னாள். ஆமாம், வந்திருக்கிறார்கள். ஜமைக்காவின் ஆப்பிள்டன் எஸ்டேட்டில் வேதியியலாளராகச் சேர்ந்த ஜாய் ஸ்பென்ஸ் 1997இல் அங்கே தலைமைக் கலவையாளர் ஆனார். மதுத் தொழிலில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். அவர் மூக்கையும் நாக்கையும் நம்பி ஒரு நாட்டின் ரம் நிற்கிறது. அது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உச்சியில் ஒருவர் உட்கார்ந்ததைக் காட்டி, தட்டு தூக்குபவளின் 2.13 டாலரை வாயடைக்க முடியாது. எண்பது கோப்பைகளைக் குடித்து முடித்த ஒரு தமிழ்ப் பெண்ணின் பெயர் அந்தச் சுவரில் ஏறியிருந்தால் அவளுக்கு என்ன கூடியிருக்கும்? அவள் எனக்கு இன்னும் ஐம்பது முறை குனிந்து பரிமாறியிருப்பாள். அதைத்தான் நான் சாதனை என்று ஊருக்குப் போன் செய்து சொல்லியிருப்பேன்.

தோழியின் கேள்விக்கு ஒரு பதில் உண்டு. அனுபவிப்பதை நான் நிறுத்தவில்லை. எண்ணுவதை நிறுத்தினேன். முப்பத்தோராவதாக அட்டையில் இருந்தது பழத்தோட்டத்தையே கவிழ்த்தது போன்ற ஏதோ ஒன்று. அதை விட்டுவிட்டு மை டாய் ஒன்று வாங்கி, ஒரு மணி நேரம் வைத்துக் குடித்தேன். அட்டை எங்கே என்று அவள் கேட்டாள். வீட்டில் என்றேன். அன்று பில்லைத் தனியாகக் கேட்டு வாங்கினேன். நண்பர்களோடு சேர்த்துப் பங்கிட்டால் டிப்ஸை யார் குறைத்தார்கள் என்று தெரியாமல் போய்விடும்.

அந்த நண்பர் எண்பதையும் முடித்துவிட்டார். தகடு மாட்டிய இரவில் எல்லோரும் கைதட்டினோம், நானும்தான். படம் எடுத்தவள் அவள். தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டே எடுத்ததால் படம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. இன்னொரு முறை எடுக்கச் சொன்னார்கள்.